அப்புறம் அக்காவும் ஒட்டாத லேப்டாப்பும்

எங்கள் ஆபீஸில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. கழுத்தில் தொங்குகிற அட்டையில் அதைப் பெரிதாக அச்சடித்தும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டை எந்நேரமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் தொங்கும். அதனாலோ என்னவோ, அந்தப் பேர் யார் வாயிலும் ஏறவில்லை. எல்லாருக்கும் அவள் அப்புறம் அக்கா. எனக்கு வெறும் அப்புறம்.

பேர் வந்த வழி இதுதான். கம்ப்யூட்டர், வயர், நெட் என்று எது மக்கர் பண்ணினாலும் அவளிடம்தான் போக வேண்டும். "அக்கா, என் மெஷின் படுத்துடுச்சு" என்று ஒருவன் ஓடிவந்தால், வேறு யாராக இருந்தாலும் எழுந்து கூடவே ஓடுவார்கள். இவள் ஓட மாட்டாள். நாற்காலியை அவன் பக்கம் திருப்பி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்பாள். அவன் சொல்லுவான். "அப்புறம்?" என்பாள். இன்னும் கொஞ்சம் சொல்லுவான். "அப்புறம்?" கடைசியில் அவனே, "அப்புறம்... அந்த பிளக்கைக் கழட்டிட்டு என் போனை சார்ஜ் போட்டேன்" என்று முனகிவிட்டு வந்த வழியே போவான். பாதிப் பேருக்கு அவள் எழுந்திருக்காமலே வைத்தியம் முடிந்துவிடும்.

"கையை எதுக்கும்மா அடியில போட்டு நசுக்குற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விட்டா அதுபாட்டுக்கு மெஷினைத் தொடப் போயிடும் பெரியம்மா. கை முந்திக்கிட்டா காது படுத்துக்கும்."

நான் அந்த ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கூட்டித் துடைத்து, டீ போட்டுக் கொடுக்கிறவள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதுகிறாள். நடுவில் ஓரிடத்தில் அவளும் வருவாள். அங்கே தனக்குத் தோதாக மாற்றி எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். முடிந்ததும் முழுதும் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.

அப்புறத்துக்கு இப்போது நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று வயதிருக்கும். முதலில் நகல் எடுக்கிற கடை ஒன்றில் நின்றவள். ஒருநாள் அங்கே மெஷின் தாள் தாளாகக் கிழித்துத் துப்பியது. "உன் கை பட்டுத்தான் கெட்டுச்சு" என்று கடைக்காரர் கத்திவிட்டார். வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை சண்டை பிடித்திருப்பாள். இவள் மெஷினின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து நீட்டினாளாம். "இது என்னுது இல்ல சார். நான் ரப்பர் பேண்டுதான் போடுவேன். உங்க வீட்டம்மா நேத்து வந்திருந்தாங்களா?" வந்திருந்தார்களாம். "மெஷின் பேசாது பெரியம்மா. அதுக்குப் பதிலா பக்கத்துல நிக்கிற ஆளைப் பிடிச்சு உலுக்குறாங்க" என்பாள். அந்தக் கடையை விட்டுவிட்டு இந்தக் கம்ப்யூட்டர் படிப்பில் போய்ச் சேர்ந்தது அதற்கப்புறம்தான்.

வீட்டிலும் இதே பாடுதான். புருஷன் வேன் ஓட்டுகிறவர், தமாஷான மனுஷன். ஒருநாள் சமையலறை விளக்கு எரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். "எப்போலேருந்து? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று இவள் ஆரம்பிக்க, "கல்யாணம் நடந்துச்சு" என்றாராம் அவர். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியது அம்மாவை அப்படியே உரித்து வைத்தது. சின்னது வாயே திறக்காது. "நல்லதுதான் போ. எல்லாரும் கேள்வியே கேட்டுக்கிட்டிருந்தா, அதைக் காது குடுத்துக் கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணாமா?" என்று நான் சொல்லுவேன்.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே ஹால். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினாலும், எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு லேப்டாப்பில் செய்தி வந்து விழும். எந்தக் கட்டடம், எத்தனை பேர், பக்கத்திலிருக்கிற மெக்கானிக் யார் என்று பார்த்து இரண்டு நிமிஷத்துக்குள் ஆளை அனுப்பிவிட வேண்டும். இரண்டு நிமிஷம் தாண்டினால் மேனேஜரின் போன் அலறும். மேனேஜர் போன் அலறினால் அந்த நாற்காலிக்காரனுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

அந்த நாற்காலிக்கு வந்தவனைப் புதுசு என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லி எடுத்த ஆள். முதல் இரண்டு மாதம் ஒரு புள்ளி கிடையாது. மூன்றாவது மாதம், அதுவும் முடியப்போகிற நேரத்தில், அவன் லேப்டாப் நெட்டோடு ஒட்ட மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தது. ஒட்டும். மூடித் திறந்தால் விட்டுவிடும். பதினைந்து நாளில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளி.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பொறுமைதான் கிடையாது. திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "இந்த ஹால்ல நாப்பது பேர் இருக்கோம். நாப்பது பேருக்கும் வர்ற நெட் உன்கிட்ட மட்டும் கோவிச்சுக்குமா? எங்கயோ வாய் பாத்துட்டு நெட் மேல பழி போடாத. வெள்ளிக்கிழமையோட உன் மூணு மாசம் முடியுது. அன்னைக்குப் பேசிக்கலாம்."

புதுசு நான் டீ போடுகிற பேன்ட்ரிக்கு வந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். அவன் மேசை பேன்ட்ரிச் சுவரை ஒட்டிய கடைசி மூலை. அந்தச் சுவரில் அவசர போன் பதித்திருப்பதால் அவனை வேறு எங்கேயும் நகர்த்தவும் முடியாது.

"பெரியம்மா, நான் பொய் சொல்லல."

"என்கிட்ட ஏன் சொல்ற? அப்புறத்துக்கிட்ட போய்ச் சொல்லு."

"மேனேஜரே நம்பல. அவங்க நம்புவாங்களா?"

"அவ நம்பவும் மாட்டா, நம்பாம இருக்கவும் மாட்டா. கேப்பா. போ."

போனான். நான் டீ கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"ஒட்டலைன்னா என்ன சொல்லுது?" என்றாள்.

"இந்த நெட்டோட சேர முடியலைன்னு சொல்லுது."

"அப்புறம்?"

"பாஸ்வேர்டைச் சரி பாருன்னு சொல்லுது. இருபது தடவை அடிச்சேன் அக்கா, கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன் இப்ப."

"அப்புறம்?"

"அப்புறம் அரைமணி, ஒரு மணி கழிச்சு தானா ஒட்டிக்குது."

இந்த இடத்தில்தான் அவள் நிமிர்ந்தாள். "தானாவா? நீங்க ஒண்ணுமே பண்ணாமயா?"

"சத்தியமா அக்கா."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், யாரோ பரிசு கொடுத்த மாதிரி. "கெட்டது கெட்டே கிடந்தா சுலபம் தம்பி. தானா கெட்டு, தானா சரியாகுதுன்னா, நமக்குத் தெரியாம யாரோ என்னமோ பண்றாங்கன்னு அர்த்தம். குடுங்க லேப்டாப்பை."

"பேசாம ஒரு வயரைச் சொருகி விடேன்" என்றேன் நான்.

"இதுல வயர் சொருக ஓட்டையே இல்ல பெரியம்மா. அதுக்குத் தனியா ஒரு குட்டி வால் வாங்கணும். எழுதிப் போட்டா வர ரெண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை அதுக்கு முன்னாடியே வந்துடுமே."

லேப்டாப்பை ஹாலின் மறுகோடியில் இருக்கிற தன் அறைக்கு எடுத்துப் போனாள். அதில் பதிந்திருந்த நெட்டின் பேரையும் பாஸ்வேர்டையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து புதிதாகப் போட்டாள். மூடினாள், திறந்தாள், அணைத்தாள், போட்டாள். ஒரு தடவை கூட அது முரண்டு பிடிக்கவில்லை. சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. புதன்கிழமை வந்தபோது புதுசு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நேற்று முழுக்க ஒரு குறையும் இல்லையாம், அக்கா கை ராசியாம். நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், "போச்சு! திரும்பவும் போச்சு!" என்று கத்தினான். அன்று காலை மட்டும் இரண்டு தடவை போனது. நல்லவேளை, யாரும் லிஃப்டில் மாட்டவில்லை.

அப்புறம் தன் சொந்த லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்து அவன் மேசையில் வைத்தாள். அதில் நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புதுசுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்போ என்னுதுதான் கெட்டுப்போனது."

"இருங்க. இது வரும்போதே நெட்டோட வந்தது. மூடித் திறந்து பாக்கலாம்."

மூடினாள். திறந்தாள். ஒட்டவில்லை. பாஸ்வேர்டைச் சரி பார் என்று அதுவும் சொன்னது.

"அய்யோ, என்னுதும் வரல!" என்று கை தட்டினாள். அந்த வழியாகப் போன மேனேஜர் நின்றார். "என்னம்மா, சரியாயிடுச்சா?"

"இல்ல சார், என்னுதும் கெட்டுப்போச்சு!"

மேனேஜர் அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், போய்விட்டார்.

"தம்பி, உங்க மேலயும் தப்பில்ல, லேப்டாப் மேலயும் தப்பில்ல" என்றாள் அப்புறம். "இந்த மூலையிலதான் ஏதோ இருக்கு."

முதல் சந்தேகம் என் பேன்ட்ரியில் இருக்கிற மைக்ரோவேவ் அடுப்பு மேல் விழுந்தது. அது ஓடும்போது கசிகிற அலையும் நெட்டின் அலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியாம், ஒன்றை ஒன்று இடிக்குமாம். மத்தியானம் முழுக்க அந்த அடுப்பில் வெறும் தண்ணீரைச் சூடு பண்ணினாள். அடுப்பை ஓட விட்டு ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்ப்பாள், அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள். என் இடத்தில் எனக்கே நிற்க வழியில்லை. அடுப்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நெட் வரவில்லை.

"பொழுதன்னைக்கும் வெந்நி போட்டு என்னம்மா கண்டுபிடிச்ச?"

"அடுப்பு இல்லைன்னு கண்டுபிடிச்சேன்."

"என்னைக் கேட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேனே."

"எப்படிச் சொல்லியிருப்பீங்க பெரியம்மா?"

"என் அடுப்பு அந்த மாதிரி வேலையெல்லாம் பண்ணாது."

இப்படி ஒரு பதில் வந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அது அவள் குணம், யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளுவாள்.

வியாழக்கிழமை காலை அந்த நோட்டோடு வந்து, என் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். நெட் எப்போதெல்லாம் போனது, எப்போதெல்லாம் வந்தது என்று மணி மணியாகக் கோடு போட்டு வைத்திருந்தாள். மேனேஜரிடம் கெஞ்சி அந்தப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளியின் நேரத்தையும் வாங்கி எழுதியிருந்தாள்.

"பெரியம்மா, காலையில வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"டீ போடுவேன்."

"அப்புறம்?"

"பாத்திரம் கழுவுவேன்."

"அப்புறம்?"

"அந்தக் கோடிக்குப் போய்த் துடைப்பேன். வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் காலை நீட்டுவேன். திரும்ப டீ. நாலரைக்குக் கிளம்பிடுவேன். இதுல என்ன அப்புறம் வேண்டிக்கிடக்கு உனக்கு?"

அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தாள். "செவ்வாய்க்கிழமை நீங்க..."

"அதான் கண் ஆஸ்பத்திரின்னு சொன்னேனே."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"கோவிச்சுக்கக் கூடாது. நீங்க பேன்ட்ரியில இருக்கும்போதுதான் நெட் போகுது. நீங்க அந்தக் கோடிக்குப் போனா வந்துடுது."

எனக்கு ஏறியதே கோபம்! "பதினோரு வருஷமா நானா உங்க நெட்டை முழுங்கிட்டிருக்கேன்?"

"பதினோரு வருஷமா இல்ல. பதினஞ்சு நாளா."

சொல்லிவிட்டுச் சிரிக்கவுமில்லை. தன் லேப்டாப்பைத் திறந்து புதுசின் மேசையில் வைத்து, என்னையும் இழுத்து நிறுத்தினாள். எங்கள் ஹால் கூரையில் மூன்று வெள்ளைப் பெட்டி இருக்கிறது, நெட்டைப் பரப்புகிற பெட்டி. அவள்தான் மாட்டினது. மூன்றுக்கும் ஒரே பேர். அந்தத் திரையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோடு தெரிந்தது. பெட்டி கிட்டத்தில் இருந்தால் கோடு உயரம், தள்ளி இருந்தால் குட்டை.

"எண்ணுங்க" என்றாள்.

எண்ணுவதற்கு எனக்கு யார் தயவும் வேண்டாம். "நாலு" என்றேன்.

"மாட்டினது மூணு. நாலாவது எங்கேருந்து வந்துச்சு? திங்கட்கிழமையே இதைப் பாத்தேன். எல்லாம் ஒரே பேர்தானேன்னு எண்ணாம விட்டுட்டேன். என் புத்தியை எதால அடிக்க?" நாலாவது கோடுதான் நான்கிலும் உயரம். "பெரியம்மா, கொஞ்சம் அந்தக் கோடி வரைக்கும் நடங்க."

"சும்மா நடக்கிற வயசா எனக்கு?"

"எனக்காக."

நடந்தேன். "கோடு இறங்குது!" என்று புதுசு கத்தினான். திரும்பி வந்தேன். "ஏறுது, ஏறுது!" நாலைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள். "பெரியம்மா உடம்புல கரண்ட் ஓடுது", "பெரியம்மாவைக் கூரையில மாட்டிட்டா இன்னொரு பெட்டி வாங்க வேணாம்" என்று ஆளுக்கொரு கிண்டல்.

"மடியில என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள் அப்புறம்.

"என் மடியில என்ன இருந்தா உனக்கென்ன?"

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நின்றால் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது. ஏப்ரன் பையைக் கவிழ்த்தேன். பேன்ட்ரிச் சாவி, துடைக்கிற துணி, தொண்டைக்குப் போடுகிற மிட்டாய் இரண்டு, என் போன். துப்புரவு ஆட்கள் வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதனால்தான் நான் மடியைக் காட்டவில்லை. பேன்ட்ரியில் இருந்தால் அலமாரிக்குப் பின்னால் சார்ஜில் கிடக்கும், வெளியே போனால் என்னோடு மடியில் வரும். கொஞ்ச நாளாக அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சூடாகத்தான் இருந்தது. வயதாகிவிட்டது, அதற்கும் உடம்பு சுடுகிறது என்று விட்டுவிட்டேன்.

"போனை இங்கேயே வெச்சுட்டு நீங்க மட்டும் நடங்க."

நடந்தேன். கோடு அசையவில்லை.

"அப்பாடா, நீங்க இல்ல" என்றாள். போனை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். "பெரியம்மா, இதுக்கு எங்க நெட்டோட பேரை யார் வெச்சது?"

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அப்புறம்?" என்றாள், சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வர.

மருமகள் வருகிற இடம் இது. அவள் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவள். அளவும் படமும் அவள் டேப்லெட்டில் வரும். வீட்டு நெட் அறுந்துபோய்விட்டது. ஒரு போன் தன் நெட்டைப் பக்கத்து மெஷினுக்குக் கொடுக்குமாமே, ஹாட்ஸ்பாட்டோ என்னவோ, என் போனில் அதைப் போட்டாள். டேப்லெட் ஒட்டவே இல்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னேன்: "பேர் சரியில்ல. எங்க ஆபீஸ்ல நாப்பது மெஷின்லயும் ஒரே பேர்தான் தெரியும். ஒரு முட்டை, ரெண்டு கொக்கி, ஒரு குச்சி, ஒரு பிறை, ஒரு சீப்பு. அந்தப் பேர் இருக்கிறதாலதான் எல்லாத்துலயும் நெட் வருது. அதையே இதுக்கும் வை."

"அத்தை, அது இங்கிலீஷ்ல ஆபீஸ்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். பேருக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"வை" என்றேன். என் தொல்லை பொறுக்காமல் வைத்தாள். போனை அணைத்துப் போட்டாள். டேப்லெட் ஒட்டிக்கொண்டது! "பாத்தியா?" என்றேன். அந்த ஹாட்ஸ்பாட்டைத் தினம் தினம் போட வேண்டாம், எப்போதும் அணையாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள். (இங்கே பேனா நின்றுவிட்டது. எழுது என்றேன். எழுதுகிறாள்.)

இதைக் கேட்டு அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எனக்கு விளக்கினாள். லேப்டாப்புக்குப் பேர் மட்டும்தான் தெரியுமாம். அதே பேரில் இரண்டு இருந்தால் கிட்டத்தில் இருக்கிறதிடம் ஓடும். அந்த மூலைக்குக் கூரைப் பெட்டி தூரம், சுவருக்கு அந்தப் பக்கம் என் போன் ஒரு முழம். ஓடிவந்து ஆபீஸ் பாஸ்வேர்டைச் சொல்லும். என் போன், நீ யார் என்று விரட்டும். மற்றவர்கள் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் லேப்டாப்புக்கு என் போன் ஒரு பொருட்டே இல்லை.

"மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன். உங்க பேரை எழுத மாட்டேன். வேலைக்கு ஆபத்து வேணாம்" என்று மெல்லச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேனேஜர் அறையில் அவளும் புதுசும் நின்றார்கள். நான் டீத் தட்டோடு உள்ளே போனேன்.

"அதே பேர்ல வேற ஒரு கருவி. சரி. யாரோடது?" என்று மேனேஜர் அவள் எழுதின தாளைத் தட்டினார்.

"யாரோடதா இருந்தா என்ன சார்? யார் வேணா வைக்கிற பேரா பாத்து வெச்சது நான். என் தப்பு."

"அதைக் கேக்கல. அந்த மூலையில உக்காந்திருக்கிறது யாரு? இவன். இவன் போனாத்தான் இருக்கும். நெட் இல்லைன்னு சாக்கு சொல்ல இவனே வெச்சிருப்பான்."

புதுசுக்கு உதடு வெளுத்துவிட்டது. அப்புறம் வாயைத் திறந்தாள், மூடினாள். என் பேரைச் சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே. ஊரையே கேள்வி கேட்கிறவள், ஒரு பதிலுக்கு அப்படித் திணறி நான் பார்த்ததில்லை.

தட்டை மேசையில் வைத்தேன். "சார், அது என் போன்."

"நீங்க போனே வெச்சுக்கக் கூடாதே பெரியம்மா."

"கூடாதுதான். வெச்சிருக்கேன். வீட்டுல ஒண்ணுன்னா எனக்கு யார் சொல்லுவா? அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா அந்தப் பேர் வெச்சது தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். உங்க பெட்டி வெச்சுக்கலாம், என் போன் வெச்சுக்கக் கூடாதா?"

"பெரியம்மா கேக்குறது நியாயம் சார்" என்றாள் அப்புறம். நோட்டை விரித்து மேனேஜர் முன் வைத்தாள். ஒரு பக்கம் சிவப்புப் புள்ளிகளின் நேரம், ஒரு பக்கம் நான் பேன்ட்ரியில் இருந்த நேரம். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று பொருந்தியது.

"இது? போன வாரம் வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சரை?"

நான் நாலரைக்கே கிளம்பிவிடுகிறவள். அந்த இடத்தில் அப்புறம் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

"அது நெட் இல்ல சார்" என்றான் புதுசு. "அது நான். பாத்ரூம் போயிருந்தேன். வயிறு சரியில்ல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சும்மா இருந்திருந்தா அதையும் நெட் மேலயே எழுதியிருப்பேன்."

"தெரியும் சார்."

பேனாவை எடுத்துப் பதினொரு புள்ளியையும் அடித்தார். பன்னிரண்டாவதை விட்டு வைத்தார். "பாத்ரூம் போனதுக்கெல்லாம் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்ப முடியாது. திங்கட்கிழமை வா. போகும்போது பக்கத்துல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க போன் இனிமே அவங்க ரூம்ல இருக்கும். வீட்டுலேருந்து கூப்பிட்டா அவங்க வந்து சொல்லுவாங்க. டீ ஆறிடுச்சு, வேற கொண்டாங்க."

வெளியே வந்ததும் புதுசு என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் அவசரச் செய்தி வந்து லேப்டாப் கூவியது. ஓடினான். என் போன் மறுகோடியில் கிடக்க, அரை நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிட்டு நிமிர்ந்தான்.

சனிக்கிழமை அப்புறம் தனியாக வந்து நெட்டின் பேரையே மாற்றி, நாற்பது லேப்டாப்பிலும் புதுப்பேரைப் போட்டாள். அது என்ன பேர் என்று எனக்குச் சொல்ல மாட்டாளாம். சொன்னால் அதையும் போனுக்கு வைத்துவிடுவேனாம்.

இதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம், அவள் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் கையுமாக எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஆபீஸில் ஏன் போனது என்று தெரிந்துவிட்டதாம், ஆனால் வீட்டில் அந்தப் பேரை வைத்ததும் டேப்லெட் ஏன் ஒட்டியது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

"பேர்தான்" என்றேன்.

"போனை அணைச்சுப் போட்டதால இருக்கும் அத்தை" என்றாள் மருமகள்.

"பாத்துடலாம்" என்று அப்புறம், ஆபீஸ் பேரை எடுத்துவிட்டு, என் போனுக்கு முதலில் இருந்த பேரையே திரும்ப வைத்தாள். டேப்லெட் அதனோடும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இதுல என்ன சிரிப்பு? அது இப்போ என் போனுக்குப் பழகிடுச்சு. பழகின ஆளை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வரும். அன்னைக்குப் பழகல, அதான் சரியான பேர் வேண்டியிருந்துச்சு."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறமோ அடித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அப்படீன்னா, உங்க போனோட பழகாத டேப்லெட் ஒண்ணு வேணும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.